ஆஸ்பத்திரி அக்கா சொல்லாத பொய்

அவங்க பேர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதட்டுமான்னு நான் அவங்கள கேக்கல. தெருவுல எல்லாரும் ஆஸ்பத்திரி அக்கான்னு தான் சொல்வோம். அதையே வெச்சுக்கறேன்.

பல்லாவரத்துல மலைக்குக் கீழ எங்க தெரு. முக்கால்வாசி கல்லு உடைக்கிற ஜனம். என் வீட்டுக்காரர் குவாரியில உளி வேலை. நான் ஜல்லி உடைக்கிறவ. எங்களுக்குப் பிள்ளை இல்ல. தெருக்கோடியில ஒரு ஓட்டு வீட்டுல அக்கா தனியா இருந்தாங்க. வேதக்காரங்க, கிறிஸ்தவங்க. பட்டணத்து மென்டல் ஆஸ்பத்திரியில ஆயா வேலை. விடிஞ்சதும் எலக்ட்ரிக் ரயிலுக்கு நடப்பாங்க. வெள்ளைச் சேலை, கையில துணிப்பை, பையில சாப்பாட்டு டப்பா. பொழுது சாயத் திரும்புவாங்க.

அவங்க பக்கத்துல யாரும் சுலபமா உக்கார மாட்டாங்க. பைத்தியம் ஒட்டிக்கும்னு பயப்படறதா சில பேர் சொன்னாங்க. நெசமான காரணம் அது இல்ல. அக்காவுக்குப் பொய் வராது. அதான்.

எதிர் வீட்டுல குழந்தைக்குப் பேர் வெச்ச அன்னைக்கு எல்லாரும் மகாலட்சுமி மாதிரின்னு சொன்னோம். குழந்தைய அக்கா மடியில போட்டாங்க.

"இன்னாக்கா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்றே. கொழந்த யாரு மாதிரி கீது?"

அக்கா நல்லா பாத்தாங்க. "மூக்கு சப்பையா கீது. அவங்க அப்பா மாதிரி. ஒடம்பு கெட்டியா கீது. பால் நல்லா குடிக்கும்."

குழந்தையோட அப்பன் மூக்கத் தடவிக்கினே எழுந்து போனான். அந்த வீட்டுல ஆறு மாசம் அக்காவோட பேச்சு இல்ல.

நான் ஒரு தடவை கேட்டேன். "வேதத்துல பொய் பாவம்னு போட்டு கீதாக்கா?"

"போட்டு கீது. ஆனா அதுக்காக இல்லம்மா. ஒரு பொய் சொன்னா, யாராண்ட இன்னா சொன்னோம்னு ஞாபகம் வெச்சுக்கணும். எங்க வார்டுல எண்பது பேரு. அத்தினியும் எங்க ஞாபகம் வெக்கிறது?"

சிரிக்காம தான் சொன்னாங்க. நான் சிரிச்சேன்.

அவங்க நடந்துக்கிற முறை வேற மாதிரி இருக்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் முன்பக்கமா தான் வருவாங்க. பின்னால வந்து தோளத் தொடுறது கிடையாது. நாலு பேர் உக்காந்திருக்கிற இடத்துல ஒருத்தர் காதுல குனிஞ்சு பேச மாட்டாங்க. நாம பேசினா, "சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்" பாங்க. பேசற ஆள் கீழ உக்காந்திருந்தா அவங்களும் கீழ உக்காருவாங்க. ரெண்டு கையும் மடிமேல, உள்ளங்கை தெரியற மாதிரி. இதெல்லாம் வார்டுல பழகினதுன்னு எனக்குப் பின்னாடி தான் புரிஞ்சது. அங்க இருக்கிறவங்க எல்லாத்துக்கும் பயப்படுவாங்க. பயப்படறவங்க முன்னாடி எப்படி இருக்கணுமோ அப்படி அவங்க எல்லார் முன்னாடியும் இருந்தாங்க.

அவங்களுக்கு என்ன தெரியும்னு ஒரு தடவை பாத்தேன். பால்காரரோட தம்பி திடீர்னு கண்டபடி பேசினான். செத்துப் போன அம்மாவக் கூப்பிட்டான், சுவத்துல பாம்புன்னு கத்தினான். தூணுல கட்டிப் போட்டு, உடுக்கை அடிக்கிற ஆளக் கூட்டிக்கினு வந்துட்டாங்க. வாசல் நிறைய கூட்டம். ரயில விட்டு இறங்கி வந்த அக்கா பையோட உள்ள போனாங்க. அவன் முன்னாடி உக்காந்து கழுத்துல கை வெச்சாங்க.

"எத்தினி நாளா ஜுரம்?"

"ஒரு வாரமா. பேய் ஜுரம்க்கா" ன்னாங்க வீட்டுல.

"பேச்சு எப்ப மாறிச்சு?"

"இன்னைக்குக் காலையில."

"அதுக்கு முன்னாடி ஒழுங்கா வேலைக்குப் போனாரா, தூங்கினாரா, சாப்ட்டாரா?"

"எல்லாம் நல்லா தான் இருந்தான்."

"அப்ப இது எங்க ஆஸ்பத்திரி நோவு இல்ல. அது மெள்ள மெள்ள வரும். இது சூட்டுல வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, இப்பவே."

உடுக்கைக்காரர் கோவமா, "அப்ப நான் எதுக்கு வந்தேன்?" ன்னார்.

"அது எனக்குத் தெரியாதுங்க" ன்னாங்க அக்கா.

விஷ ஜுரம்னு சொன்னாங்க அங்க. அவன் பொழைச்சான்.

ஆனா அக்கா சொல்ற உண்மையால எல்லாமே நல்லதா முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது. தாம்பரத்துலேர்ந்து ஒரு வாத்தியார் குடும்பம் அவங்கள தேடி வந்தது. ஒரே பையன், பெரிய படிப்பு படிச்சவன், இருபது வயசுக்கு மேல இருக்கும். ஆறு மாசமா அறைய விட்டு வரல. குளிக்கல. ஜன்னலுக்கெல்லாம் பேப்பர் ஒட்டிட்டான். ஆஸ்பத்திரின்னா வரமாட்டான்னு, திருநீர்மலை கோயிலுக்குப் போறோம்னு சொல்லி டாக்ஸியில ஏத்திட்டாங்க. வழியில எங்க தெருவுல நிறுத்தி அக்காவையும் கூட வரச் சொன்னாங்க. நானும் அங்க இருந்தேன்.

அக்கா டாக்ஸி ஜன்னல் கிட்ட போய் குனிஞ்சாங்க. "தம்பி, இந்த வண்டி மலைக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போகுது. நான் அங்க வேலை செய்யறவ."

பையன் அம்மாவப் பாத்தான். கதவத் திறந்தான். இறங்கி நடந்தான். வாத்தியார் பின்னாடி ஓடினார். புடிக்க முடியல.

ரெண்டு நாள் ஆள் கிடைக்கல. அவன் அம்மா எங்க தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்தினாங்க. "நீ பொம்பளையா? ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொன்னா உன் நாக்கு அழுகிடுமா? என் புள்ளைய ரயில்ல உழுந்து சாவ வெச்சிட்டியே!" அக்கா வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கினு இருந்தாங்க. உள்ள போகல. அன்னைக்கு நானும் அவங்க பக்கம் இல்ல. அந்தம்மா பக்கம் தான் இருந்தேன். அத மறைக்க மாட்டேன்.

மூணாம் நாள் பையன் கிடைச்சான். திருநீர்மலை படிக்கட்டுல உக்காந்திருந்தானாம். கால் முழுக்க கொப்புளம். ஆஸ்பத்திரிக்கு வரியான்னதுக்கு, "அந்த பொம்பளை வந்தா வரேன்" னானாம். அக்கா லீவு போட்டுட்டுப் போனாங்க. அவனுக்கு வைத்தியம் நடந்தது. அந்தம்மா அதுக்கப்புறமும் அக்காவோட பேசல.

அந்தப் பையன் ரயில்ல உழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு அக்காவ ஒரு நாள் கேட்டேன். "தெரியலம்மா. நெனச்சா தூக்கம் வரல." அவ்ளோ தான்.

இப்ப என் வீட்டுக்கு வரேன்.

குவாரியில பாறைக்கு வெடி வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஆள் கத்துவான். "வேட்டு! வேட்டு! வேட்டு!" மூணு தடவை. எல்லாரும் போட்டது போட்டபடி ஓடி ஒதுங்கணும். அதுக்கு அப்புறம் தான் திரி பத்த வெப்பாங்க. அந்தச் சத்தத்துக்கு எங்க உடம்பு தானா ஓடும்.

என் வீட்டுக்காரர் யாரும் கத்தாதப்ப ஓட ஆரம்பிச்சார். சுத்தியப் போட்டுட்டு ஓடிப் போய்ப் பெரிய பாறைக்குப் பின்னால உக்காந்துக்குவார். காதைப் பொத்திக்குவார். முதல்ல விளையாட்டுன்னு நெனச்சாங்க. மேஸ்திரி, "இன்னாடா, பொண்டாட்டி குரல் கேட்டுச்சா?" ன்னு கேலி பண்ணுவார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் ஜல்லிக் குவியல்லேர்ந்து பாத்துச் சிரிச்சிருக்கேன்.

வீட்டுல தூங்கறது குறைஞ்சது. சாப்பாட்டத் தட்டுல கிளறிக் கிளறிப் பாப்பார்.

ஒரு நாள் அக்கா ரயிலுக்குப் போற வழியில அவர் ஓடறதப் பாத்தாங்க. அன்னைக்கும் யாரும் கத்தல. அக்கா நின்னாங்க. ரயில் போயிடும்னு தெரியும். பாறையச் சுத்தி முன்பக்கமா போய், அவர் எதிர்ல மண்ணுல உக்காந்தாங்க. நான் ஓடிப் போனேன்.

"யாருங்க கத்தினாங்க?" ன்னு கேட்டாங்க.

"உங்களுக்குக் கேக்கல?"

"எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டுது. அது சரி. இன்னா கேட்டுது?"

இத்தனை மாசத்துல அவர யாரும் அந்தக் கேள்வி கேக்கல. இல்லன்னு சொன்னோம், இல்லாட்டி சிரிச்சோம். அவர் அழுதுட்டார்.

"வேட்டு, வேட்டுன்றான். அப்புறம் என் பேரச் சொல்றான். உனக்கு தான்டா வேட்டுன்றான். ரெண்டு பேரு. ஒருத்தன் சொல்லுவான், இன்னொருத்தன் சிரிப்பான்."

"உங்களை ஏதாவது செய்யச் சொல்றாங்களா? இவள அடி, மலை மேலேர்ந்து குதின்னு?"

"இல்ல. அவ வெக்கிற சோத்த சாப்பிடாதன்றான்."

அக்கா என்னைப் பாக்கல. அவர தான் பாத்தாங்க.

"நெசமான வேட்டு சொல்றப்ப உங்களுக்கு எது எதுன்னு தெரியுதா?"

அவர் தலையாட்டினார், தெரியலன்னு. அக்கா எழுந்து மேஸ்திரி கிட்ட போய், இனி இவர உளி வேலைக்கு மலை மேல ஏத்தாதீங்க, ஒரு நாள் நெசமான வெடியில நின்னுடுவார்னு சொன்னாங்க. மேஸ்திரி அதுக்கப்புறம் சிரிக்கல. அவர கீழ கல்லு உடைக்க விட்டார்.

அவரோட அண்ணன் சங்கிலி போட்டு ஒரு கோயில்ல நாப்பத்தெட்டு நாள் கட்டி வெக்கணும்னார். செய்வினைன்னார். அக்கா அவர் கிட்ட சண்டை போடல. என் வீட்டுக்காரர் கிட்டயே கேட்டாங்க. "எங்க ஆஸ்பத்திரி மென்டல் ஆஸ்பத்திரி. அங்க டாக்டர் கிட்ட இந்தச் சத்தத்த சொல்லலாம். கம்மி பண்ண மாத்திரை கீது. வரீங்களா?"

"நான் பைத்தியமா?"

"டாக்டர் தான் சொல்லணும். நோவு கீதுன்னு எனக்குத் தோணுது."

அவர் போனார். பைத்தியம்னு ஒத்துக்கினு போகல. சத்தம் தாங்காம போனார். டாக்டர், எத்தனை பேர் பேசறாங்க, வெளியிலேர்ந்து வருதா தலைக்குள்ளேர்ந்து வருதா, எப்பலேர்ந்துன்னு கேட்டு எழுதிக்கினார். காகிதப் பொட்டணத்துல ஆரஞ்சு கலர் மாத்திரை குடுத்தாங்க.

ரெண்டு வாரம் சாப்பிட்டார். தூக்கமா வந்தது. கை மந்தமாச்சு, சுத்தி தவறிச்சு. அப்புறம் அந்தக் குரலுங்க மாத்திரையும் விஷம்னு சொல்லிடுச்சு. நிறுத்திட்டார்.

நான் அக்கா கிட்ட சொல்லல. சொன்னா அவங்க நேரா அவர் கிட்ட பேசுவாங்க. பேசி, அவரும் அந்த வாத்தியார் பையன் மாதிரி எழுந்து நடந்துட்டா? எனக்கு அவர் ஒருத்தர் தான். அதனால நானே ஒரு வழி பண்ணேன். மாத்திரைய டம்ளர் அடியால நசுக்கி மீன் குழம்புல கலந்தேன். புளி தூக்கலா போட்டேன், கசப்பு தெரியாம இருக்க.

எட்டு நாள் கலந்தேன். தூங்கினார். ஓடறது குறைஞ்சது. நடுவுல அக்கா, "மாத்திரை உள்ள போகுதா?" ன்னு கேட்டாங்க. "போகுதுக்கா" ன்னேன். அது பொய் இல்ல. அப்படித் தான் எனக்கு நானே சொல்லிக்கினேன்.

ஒம்பதாம் நாள் சாப்பிட்டுக்கினே இருந்தவர் நிறுத்தினார். நாக்க வெளியில நீட்டி விரலால தொட்டுப் பாத்தார். நசுக்கின மாத்திரை நாக்க மரத்துப் போக வெக்கும்னு எனக்குத் தெரியாது. அப்புறம் வாயில துழாவி எதையோ எடுத்து உள்ளங்கையில வெச்சு என் முன்னாடி நீட்டினார். ஆரஞ்சு கலர்ல, மீன் செதில் அளவுக்கு.

"இது இன்னா?"

"மொளகா தோலு" ன்னேன்.

அவர் ரொம்ப நேரம் பாத்தார். என்னைய இல்ல, கையில இருந்ததை. "அவன் சொன்னது சரி தான்" னார். தட்ட நகத்திட்டு எழுந்துட்டார்.

அதுக்கப்புறம் என் கையால ஒண்ணும் சாப்பிடல. தண்ணிகூட. வாழைப்பழத்தத் தோலோட வாங்கி வருவார், அவரே உரிப்பார். ஓட்டோட முட்டை வாங்கி அவரே வேக வெப்பார். தெருக்குழாயில கைய ஏந்திக் குடிப்பார். பதினோரு நாள். கன்னம் ஒட்டிப் போச்சு. குரலுங்களோட சேந்து அவரும் என்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். மத்த வீட்டுல, பொண்டாட்டி சோத்துல கலக்கறான்னு தோணினா அது நோய் சொல்ற பொய்யின்னு சொல்லலாம். என் வீட்டுல அது பொய்யில்ல. நான் நெசமாக்கிட்டேன்.

போய் அக்கா கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். உன் மேல தப்பில்லம்மான்னு சொல்வாங்கன்னு எதிர்பாத்தேன். யாரா இருந்தாலும் சொல்வாங்க.

"தப்பு தான் பண்ணிட்டே" ன்னாங்க. "ஊர்ல பாதி பேரு இதத் தான் பண்றாங்க. ஆனா உன் வூட்டுக்காரருக்கு சோத்து மேல தான் சந்தேகம். அதுலயே போய் கலந்துட்டே." அப்புறம் சொன்னாங்க. "பழம், முட்டை சாப்பிடறாருன்னியே. தோலு, ஓடு மூடி கீற பண்டமா பாத்துப் பாத்து. சாவணும்னு நெனைக்கல. அது நல்ல சேதி."

ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு நேரா எங்க வீட்டுக்கு வந்தாங்க. கையில வேதப் புத்தகம். அவர் சுவரோரமா உக்காந்திருந்தார். அக்கா எதிர்ல உக்காந்தாங்க. என்னையும் உக்காரச் சொன்னாங்க.

"இவ உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்."

நான் அக்காவப் பாத்தேன். நீங்க சொல்லுங்கன்னு கண்ணால கேட்டேன்.

"கலந்தது நீ. நீ தான் சொல்லணும்."

நான் அதிகம் பேசறவ இல்ல. "நான் தான் கலந்தேன். மாத்திரைய. எட்டு நாளு. மொளகா தோலுன்னு சொன்னது பொய்யி."

அவர் முகம் மாறல. "அப்ப அவன் பொய் சொல்லல."

"இவ கலக்கறான்னு சொன்னது நெசம்" ன்னாங்க அக்கா. "விஷம்னு சொன்னது நெசம் இல்ல. அது நீங்க முன்னாடி சாப்பிட்ட அதே மாத்திரை."

"உங்களுக்கு எப்படி தெரியும்?"

"தெனம் நர்சம்மா கூட நின்னு எண்பது பேருக்குக் குடுக்கறேன். சாப்ட்டா வாய் வரளும். கை நடுங்கும், அதுக்கு வேற ஒரு சின்ன மாத்திரை தருவாங்க. தூக்கம் தள்ளும். வெயில்ல நின்னா தோல் சீக்கிரம் கருகும்."

பின்னாடி அவருக்கு முகமும் கையும் வெந்தது போல கருத்தது. ஒரு வார்த்தை குறை சொல்லல. அவங்க தான் முன்னாடியே சொன்னாங்களேன்னார். ஆனா அன்னைக்கு அவர் அசையல.

"சத்தம் நின்னுடுமா?"

"சில பேருக்கு நின்னு கீது. நிறைய பேருக்குக் கம்மியாவும். சில பேருக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது."

ஒரு நல்ல வார்த்தை சொன்னா என்னன்னு எனக்கு ஆத்திரமா வந்தது. அவர் பொட்டணத்த எடுத்துப் பிரிச்சார். ஒரு மாத்திரைய என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல இவ சாப்பிடட்டும்."

"வேணாம்" ன்னாங்க அக்கா. "நோவு இல்லாதவ சாப்ட்டா ஆளை அடிச்சுப் போட்டுடும். அதப் பாத்து இன்னும் பயப்படுவீங்க."

அவர் என்னையே பாத்துக்கினு இருந்தார். நான் எடுத்து வாயில போட்டு முழுங்கினேன். தண்ணி கூட இல்லாம. அக்கா என் கையப் புடிச்சாங்க, அதுக்குள்ள இறங்கிடுச்சு.

"அறிவு கெட்டவளே" ன்னாங்க. அவங்க வாயில நான் கேட்ட ஒரே வசவு அது.

கொஞ்ச நேரத்துல எனக்கு நாக்கு தடிச்சது. சுவர் தள்ளிப் போச்சு. படுத்துட்டேன். உடம்பு பாறை போட்ட மாதிரி ஆயிடுச்சு. இப்படி ஒரு உடம்ப வெச்சுக்கினு தானா இவர் ரெண்டு வாரம் கல்லு உடைச்சார்னு ஒரு நெனப்பு வந்தது. அப்புறம் ஒண்ணும் தெரியாது.

மீதிய அக்கா பின்னாடி சொன்னாங்க. அவங்க சொன்னதால அப்படியே எழுதறேன். நான் படுத்ததும் அவர் பக்கத்துல வந்து குந்திக்கினார். கொஞ்சத்துக்கு ஒரு தடவை என் மூக்குல விரல் வெச்சுப் பாத்தார். கூப்பிட்டார். நான் எழுந்திரிக்கல.

"செத்துடுவாளா?"

அக்கா என் நாடியப் புடிச்சுக்கினே, "சாவ மாட்டான்னு தான் நெனைக்கறேன். நாடி நல்லா கீது. ஆனா நான் டாக்டர் இல்ல" ன்னு சொன்னாங்களாம்.

"நான் தான குடுத்தேன்" னாராம் அவர்.

"ஆமா."

மத்தியானம் பூரா ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தாங்க. அக்கா வீட்டுக்குப் போகல, சாப்பிடல. சாயங்காலமா அக்கா தண்ணி புடிக்கத் தெருக்குழாய்க்குப் போனாங்களாம். வரிசையில நேரமாச்சு. திரும்பி வந்தப்ப அடுப்பு எரிஞ்சுக்கினு இருந்தது. அவர் அரிசி நொய்யக் கஞ்சி வெச்சு இறக்கிட்டிருந்தார். பதினோரு நாளா எங்க வீட்டு அரிசிய அவர் தொடல.

பொழுது சாயற நேரம் நான் கண்ணத் திறந்தேன். தலை கனமா இருந்தது. முதல்ல அவர் முகம் தான் தெரிஞ்சது. தாடி, குழி விழுந்த கண்ணு. கையில கிண்ணம்.

"குடி" ன்னார்.

எழுந்து சுவத்துல சாஞ்சேன். கிண்ணத்த வாங்கினேன். ஆவி வந்தது. அக்கா பக்கம் திரும்பினார்.

"இதுல ஒண்ணும் கலக்கலன்னு அவளாண்ட சொல்லுங்க."

அக்கா தண்ணிக் குடத்தக் கீழ வெச்சாங்க. "நான் குழாயாண்ட இருந்தேன். நீங்க வெச்சத நான் பாக்கல. எனக்கு எப்படி தெரியும்?"

அவர் என்னைப் பாத்தார். அப்பத் தான் எனக்குப் புரிஞ்சது, பதினோரு நாளா அவர் எந்தப் பயத்துல உக்காந்திருந்தார்னு. பொட்டணத்துல அஞ்சாறு மாத்திரை குறைஞ்சிருக்கலாம். குறையாமலும் இருக்கலாம். எழுந்து போய்ப் பாத்தா தெரியும். பாக்கல. கேக்கவும் இல்ல. கிண்ணத்தத் தூக்கிக் குடிச்சேன். பாதி கிண்ணம்.

"எப்படி கீது?" ன்னார்.

நல்லா கீதுன்னு தான் நாக்கு நுனியில வந்தது.

"உப்பு இல்ல" ன்னேன்.

அவர் எழுந்து போய் உப்பு எடுத்துக்கினு வந்தார். நான் வெச்ச மீதியில போட்டு விரலால கலக்கினார். ஒரு வாய் குடிச்சு ருசி பாத்தார். இன்னொரு வாய் குடிச்சார். அப்புறம் கிண்ணத்த என்கிட்ட திருப்பித் தரல.

குடிச்சு முடிச்சு, பொட்டணத்துலேர்ந்து ஒரு மாத்திரைய எடுத்து அக்கா கிட்ட காட்டினார். "இவ மாதிரி தான் நானும் கட்டையா கிடப்பேனா?"

"விட்டுட்டு மறுபடி சாப்பிடற முதல் நாளு அப்படித் தான் இருக்கும்."

"எழுந்துப்பேனா?"

"இவ எழுந்துட்டா. அது வரைக்கும் தான் எனக்குத் தெரியும்."

அவர் வாயில போட்டுக்கினார். நான் படுத்திருந்த பாயில படுத்தார். அக்கா வேதத்த எடுத்துக்கினு வாசப்பக்கமா போனாங்க. நான் அவர் தலைமாட்டுல உக்காந்தேன். அவர் கண்ணு சொருகறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து, நான் இருக்கேனான்னு பாத்துச்சு. இருந்தேன்.